ஆக்ஸி: ஒரு விளையாட்டின் செக்ரோல்

2021 ஆகஸ்டில் நான் மூன்று பிராணிகளை வாங்கினேன். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மூன்றும் உருண்டை. கால்கள் இருக்கின்றனவா என்று தேடித்தான் பார்க்கவேண்டும். மெக்சிகோவின் ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணியின் சாயலில் வரையப்பட்டவை என்பதால் அவற்றுக்கு ஆக்ஸி என்று பெயர். மூன்றுக்கும் சேர்த்து நான் கொடுத்தது கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். அப்போது பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிடிபிடிஎன் கல்விக்கடன் அப்படியே இருந்தது.

வீட்டில் உடன் தங்கியிருந்த நண்பன்தான் வழிகாட்டி. "ரெண்டு மாசத்துல போட்ட காசு திரும்பிடும்டா. அப்புறம் வர்றதெல்லாம் லாபம்" என்றான். அவனும் பொறியாளன். தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். நானும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. அன்றைய எண்களை வைத்து இன்று போட்டாலும் சரியாகத்தான் வரும்.

ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற அந்த விளையாட்டின் கதையை இப்போது இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு அது காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்ட தொழில்நுட்பம். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் மோசடி. இரண்டு கதைகளிலும் அதை விளையாடியவர்கள் ஒரு எண்ணிக்கையாக மட்டும் வந்துபோகிறார்கள். எனக்கு அதை ஒரு தொழிலின் வரலாறாகப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தத் தொழிலில் நான் எந்தப் பக்கம் நின்றிருந்தேன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

பூனைகளில் தொடங்கியது

பிராணிகளைச் சேர்ப்பதும் மோதவிடுவதும் எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. ஜப்பானில் போக்கிமான் விளையாட்டு வெளிவந்தது 1996-இல். அதே ஆண்டில்தான் தமகோச்சியும் வந்தது. ஆரம்பப்பள்ளியில் நாங்கள் போக்கிமான் அட்டைகளை ரப்பர்பேண்ட் போட்டு காற்சட்டைப் பையில் வைத்திருப்போம். அட்டை என் பையில் இருந்தால் அது என்னுடையது. ஆசிரியர் பிடுங்கிக்கொண்டால் இல்லை. சொத்துரிமை என்பதை நாங்கள் புரிந்துகொண்டது அவ்வளவுதான்.

2017 நவம்பர் இறுதியில், கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கிய ஆக்ஸியம் ஜென் என்ற நிறுவனம் கிரிப்டோகிட்டீஸ் என்ற விளையாட்டை வெளியிட்டது. படத்தில் வரும் பூனைகளை வாங்கலாம், இணைசேர்க்கலாம், குட்டியை விற்கலாம். ஒவ்வொரு பூனையும் யாருடையது என்ற விவரம் எத்தீரியம் என்ற பொதுப் பதிவேட்டில் எழுதப்பட்டது. இந்தப் பதிவேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறோம். உலகெங்கும் உள்ள கணினிகள் அதன் பிரதியை வைத்திருக்கின்றன. ஒருவர் தனியாக அழித்து எழுத முடியாது. சில நாட்களிலேயே பூனை வாங்குபவர்களின் கூட்டத்தில் எத்தீரியமே திணறியது. ஒரு பூனை ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விலைபோனது.

அந்தப் பூனைகளை வளர்த்தவர்களில் ஒருவர் ட்ரங் நுயென் என்ற வியட்நாமிய நிரலாளர். பூனைகள் அழகாக இருந்தன, ஆனால் அவற்றை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவை சண்டை போட்டால் எப்படி இருக்கும்? ஆக்ஸி அந்த யோசனையில் பிறந்தது. 2018-இல் ஹோ சி மின் நகரில், வியட்நாமியரும் வெளிநாட்டவரும் சேர்ந்து ஸ்கை மேவிஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஒரு பொறியாளனாக எனக்கு முதலில் பிடித்ததும் இந்தப் பதிவேடுதான். 'இது உண்மையிலேயே உன்னுடையது, நிறுவனம்கூடப் பிடுங்க முடியாது' என்று சொன்னார்கள். பாதி உண்மை. இத்தனையாம் எண் ஆக்ஸி இன்ன முகவரிக்குச் சொந்தம் என்ற ஒரு வரி மட்டும்தான் பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஆக்ஸி சண்டையில் எப்படி அடிக்கும், ஜெயித்தால் என்ன கிடைக்கும், அடுத்த மாதம் விதி மாறுமா என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில். அட்டை என் பையில் இருந்தது. ஆட்டம் அவர்களுடையது.

சண்டை

முதல் வாரம் நானேதான் விளையாடினேன். ஒவ்வொரு ஆக்ஸிக்கும் ஆறு உறுப்புகள். அவற்றில் கொம்பு, வாய், முதுகு, வால் ஆகிய நான்கும் ஆளுக்கொரு அட்டையைத் தரும். மூன்று ஆக்ஸிகள் கொண்டது ஓர் அணி. அட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி என்று கையிருப்பில் மொத்தம் 24 அட்டைகள். முதல் சுற்றில் மூன்று ஆற்றல் புள்ளிகள், பிறகு சுற்றுக்கு இரண்டு. அதைச் செலவழித்து அட்டைகளை இறக்கவேண்டும். தாவரமும் ஊர்வனவும் நீர்வாழ்வனவற்றையும் பறவைகளையும் வெல்லும். அவை இரண்டும் விலங்குகளையும் பூச்சிகளையும் வெல்லும். விலங்கும் பூச்சியும் மறுபடி தாவரத்தை வெல்லும். கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டின் நீண்ட வடிவம்.

தாவர ஆக்ஸியை முன்னால் நிறுத்தி அடிவாங்க விடுவது, பின்னாலிருந்து விலங்கைக் கொண்டு அடிப்பது, வேகமான நீர்வாழ் ஆக்ஸியைக் கடைசிவரை காப்பாற்றுவது. எதிராளியிடம் எத்தனை ஆற்றல் மிச்சம் என்று மனக்கணக்கு வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். நன்றாகவே உருவாக்கியிருந்தார்கள். நான்தான் நன்றாக விளையாடவில்லை. எல்லாருக்கும் 1200 என்று ஒரு தரப்புள்ளியில் தொடங்கும். 800-க்குக் கீழே இறங்கினால் ஜெயித்தாலும் ஒன்றும் கிடைக்காது. நான்கே நாளில் நான் 900-க்கு வந்துவிட்டேன்.

ஜெயித்தால் கிடைப்பது எஸ்எல்பி. 'ஸ்மூத் லவ் போஷன்' என்பதன் சுருக்கம். ஏதோ காதல் மருந்து போன்ற பெயர். உண்மையில் அது சந்தையில் விற்கக்கூடிய நாணயம். 2021 ஜூலையில் ஒரு எஸ்எல்பியின் விலை 30 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியது. தினசரி வேலைகள், அரங்கச் சண்டைகள் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு நூற்றுக்கும் மேல் ஈட்டலாம். ஆனால் அதற்குப் பல மணி நேரம் உட்காரவேண்டும். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்தபிறகு எனக்குக் கண் செருகியது.

"நீ ஏன்டா விளையாடுறே? ஸ்காலர் எடு" என்றான் நண்பன்.

கபனத்துவான்

ஸ்காலர் என்ற சொல் எப்படி வந்தது என்று தெரிய, மணிலாவுக்கு வடக்கே நூவா எசிஹா மாநிலத்தில் உள்ள கபனத்துவான் நகரத்துக்குப் போகவேண்டும். நெல் விளையும் பூமி. முச்சக்கர வண்டிகளுக்குப் பெயர்போன ஊர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக லூசோன் தீவு முழுவதும் முடக்கப்பட்டபோது வண்டிகள் நின்றன, வருமானமும் நின்றது. அந்த ஊரில் சிலர் ஏற்கெனவே ஆக்ஸி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது அக்கம்பக்கத்துக்குப் பரவியது. 2021 மே மாதம் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், சாரி-சாரி என்று சொல்லப்படும் சிறிய மளிகைக்கடை நடத்தும் வயதான தம்பதி கடைக்குள் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் ஆக்ஸி விளையாடுவதைக் காட்டியிருந்தார்கள். அந்தப் படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிராணிகளை மோதவிட்டுப் பணம் பார்ப்பது அந்த நாட்டுக்கு மிகப் பழைய பழக்கம். மெகல்லனின் பயணக் குழுவில் வந்த இத்தாலியர் அந்தோனியோ பிகஃபெட்டா, 1521-இல் பலவான் தீவில் சேவல்களைப் பந்தயத்துக்கு மோதவிடுவதைக் குறித்துவைத்திருக்கிறார். இன்றும் சபோங் என்ற சேவற்கட்டு அங்கே ஊருக்கு ஊர் நடக்கிறது. அதனால் ஆக்ஸியையும் சூதாட்டத்தின் புதிய வடிவம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கபனத்துவான்காரர்கள் பந்தயம் கட்டவில்லை. அவர்கள் காலையில் எழுந்து அன்றைய கோட்டாவை முடித்தார்கள். 2021 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் நிதித்துறை அதிகாரி ஒருவர் ஆக்ஸி வருமானத்துக்கு வரி கட்டவேண்டும் என்று அறிவித்தார். அரசாங்கத்தின் கண்ணுக்கும் அது வருமானமாகத்தான் தெரிந்தது.

மூன்று ஆக்ஸி வாங்கும் வசதி பெரும்பாலானவர்களுக்கு இல்லை. வைத்திருப்பவர் இரவல் கொடுக்கத் தொடங்கினார். இரவல் வாங்கியவர் விளையாடுவார், வருவதைப் பிரித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டுக்கு 'ஸ்காலர்ஷிப்' என்று பெயர் வைத்தார்கள். இரவல் கொடுப்பவர் மேனேஜர், விளையாடுபவர் ஸ்காலர். பிலிப்பைன்ஸில் தொடங்கிய யீல்ட் கில்ட் கேம்ஸ் என்ற அமைப்பு இதைப் பெரிய அளவில் நடத்தியது. அவர்கள் கணக்கில் ஸ்காலருக்கு 70 விழுக்காடு. ஆள் பிடித்து, பயிற்சி கொடுத்து, மேற்பார்வை செய்பவருக்கு 20. அமைப்புக்கு 10.

நான் கடனில் படித்தவன். எனக்கு யாரும் ஸ்காலர்ஷிப் கொடுத்ததில்லை. அந்த ஆகஸ்டில் நான் ஒருவருக்கு ஸ்காலர்ஷிப் கொடுப்பவனாக ஆனேன். ஒரு குழுவில் அறிவிப்புப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். சிலர் தங்கள் கைத்தொலைபேசியின் படத்தை அனுப்பினார்கள். சிலர் பிள்ளைகளின் படத்தை அனுப்பினார்கள். நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். சீபு தீவுக்காரர். ஹோட்டல் சமையலறையில் பார்த்த வேலை பெருந்தொற்றில் போயிருந்தது. இரண்டு பிள்ளைகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரைக் 'கூயா' என்று அழைத்தேன். அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை 'பாஸ்' என்றார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை.

அவருக்கு அறுபது, எனக்கு நாற்பது. விதிகளைக் குழுவில் கிடைத்த ஒரு மாதிரியிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன். நாளுக்கு 100 எஸ்எல்பிக்குக் குறையக்கூடாது. மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் வேறு ஆள் பார்க்கப்படும். கணக்கின் தனிச்சாவி என்னிடமே இருக்கும். அவர் ஒரு கியூஆர் குறியீட்டைக் கொண்டு உள்ளே நுழையலாம், விளையாடலாம். ஆக்ஸிகளை விற்கவோ மாற்றவோ முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் எஸ்எல்பியை எடுத்து அவருடைய பங்கை அனுப்புவேன். ஒரு கூகுள் தாளில் தேதிவாரியாகக் குறித்துவைத்தேன். கோட்டா குறைந்தால் அந்தக் கட்டம் தானாகவே சிவப்பாக மாறும். அந்தச் சூத்திரத்தை நானே எழுதினேன். கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

குழாயும் வடிகாலும்

இந்தப் பொருளாதாரத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியாக யோசித்துப் பார்க்கலாம். யார் எங்கே ஜெயித்தாலும் புதிய எஸ்எல்பி பிறக்கிறது. அது குழாய். எஸ்எல்பி அழிவது முக்கியமாக ஓரிடத்தில்தான். இரண்டு ஆக்ஸிகளை இணைசேர்த்துக் குட்டி எடுக்கும்போது. அது வடிகால். ஓர் ஆக்ஸியை ஏழு முறைதான் இணைசேர்க்கலாம், ஒவ்வொரு முறையும் செலவு ஏறும். சரி, குட்டியை யாரிடம் விற்பது? புதிதாக விளையாட வருபவரிடம். அவருக்குத்தான் மூன்று ஆக்ஸிகள் வேண்டும்.

ஆக, புதியவர் வந்துகொண்டிருக்கும்வரை குட்டிகள் விற்கும். குட்டிகள் விற்கும்வரை எஸ்எல்பி அழியும், விலை நிற்கும். வந்த புதியவரும் மறுநாளிலிருந்து குழாயைத் திறக்கிறார். அவர் ஈட்டும் எஸ்எல்பியை அழிக்க இன்னும் அதிகமான புதியவர்கள் வேண்டும். 2021 நவம்பரில் நாளொன்றுக்கு 27 லட்சம் பேர் வரை விளையாடினார்கள். இவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று சொல்லப்பட்டது. எந்த நாட்டிலும் மக்கள்தொகைக்கு ஓர் எல்லை உண்டு. தொட்டி நிரம்பித்தான் ஆகவேண்டும்.

இது எனக்கு முன்பே தெரியாதா என்று கேட்டால், தெரியும். குழாய், தொட்டி, வடிகால் என்பது முதலாண்டுப் பொறியியல் மாணவன் போடுகிற கணக்கு. தொட்டி நிரம்புவதற்குள் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே இருந்த எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆக்ஸியில் இரண்டு நாணயங்கள். விளையாடுபவருக்குக் கிடைப்பது எஸ்எல்பி. இன்னொன்று ஏஎக்ஸ்எஸ், 2020 நவம்பரில் வெளியானது. விளையாட்டின் நிர்வாகத்தில் பங்கு என்ற பெயரில் அதை விற்றார்கள். முதலீட்டாளர்கள் தேடிப்போனது அதைத்தான். 2021 ஜூன் இறுதியில் ஒரு ஏஎக்ஸ்எஸ் பத்து டாலருக்கும் கீழே இருந்தது. நவம்பர் தொடக்கத்தில் 160 டாலரைத் தாண்டியது. அதே நவம்பரில் எஸ்எல்பி தன் ஜூலை உச்சத்தில் கால் பங்குக்கும் கீழே கிடந்தது. இடையில் அக்டோபரில், அமெரிக்காவின் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் தலைமையில் முதலீட்டாளர்கள் ஸ்கை மேவிஸில் 152 மில்லியன் டாலர் போட்டார்கள். நிறுவனத்தின் மதிப்பு 3 பில்லியன் டாலர் என்று செய்தி வந்தது.

உழைப்பவரின் நாணயம் விழுந்துகொண்டிருந்தபோதே உடைமையாளரின் நாணயம் ஏறிக்கொண்டிருந்தது. இதைப் படிக்கும் உங்களில் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், இது எங்கேயோ கேட்ட கதை என்று இந்நேரம் தோன்றியிருக்கும்.

பாட்டியின் கேள்வி

அக்டோபர் 11 முதல் மாநிலம் கடந்து போகலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. ரொம்ப நாள் கழித்து அந்தத் தீபாவளிக்கு சுங்கை சிப்புட்டில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். முதல்நாள் இரவு கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறுக்குத் தட்டோடு வந்த பாட்டி திரையை எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் பால்மரம் சீவியவர். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கட்டம் போட்ட தாள் எதற்கு என்று தெரியும்.

"என்னடா இது, செக்ரோலா?"

"இல்ல பாட்டி. கேம்."

"கேமுக்கு எதுக்குடா தேதியெல்லாம்?"

விளக்கினேன். பிலிப்பைன்ஸில் ஒருத்தர் விளையாடுகிறார், வரும் காசில் அவருக்கு அறுபது, எனக்கு நாற்பது என்றேன். பாட்டி கொஞ்சம் யோசித்தார்.

"மரம் ஒன்னுது. சீவுறது அவன். பாலுக்கு வெலய யாரு சொல்றா?"

"யாரும் சொல்றதில்ல பாட்டி. சந்தையில அதுவா ஏறும், எறங்கும்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொல்வாங்க" என்றார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் அவன் வேல செய்றான்?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. பாட்டி முறுக்குத் தட்டை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

பாட்டியின் அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து கங்காணி மூலம் மலாயா வந்தவர். கங்காணி என்பவர் தோட்டத்திலேயே வேலை பார்த்த ஆள். உரிமம் வாங்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்துவருவார். கொண்டுவந்த ஆளுக்கு இத்தனை என்று அவருக்குக் கூலி உண்டு. பிறகு அவருடைய ஆட்களில் வேலைக்கு இறங்கியவர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இத்தனை சென்ட் என்று தனியாக ஒரு தொகை. ஆட்கள் பெரட்டுக்கு வராவிட்டால் கங்காணிக்கு நட்டம். 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்கள் மலாயாவுக்கு அனுப்பப்படுவதைத் தடைசெய்யும்வரை இந்த முறை ஏதாவது ஒரு வடிவில் இருந்தது.

ஆள் பிடித்து மேற்பார்வை செய்பவருக்கு 20 விழுக்காடு என்று மேலே எழுதினேனே, அந்த வரியை முதன்முதலில் படித்தபோது இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது 'கம்யூனிட்டி மேனேஜர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

இந்த ஒப்பீட்டை அளவோடுதான் வைத்துக்கொள்ளவேண்டும். கூயா கப்பல் ஏறவில்லை. எனக்கு அவர் கடன்பட்டிருக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் கைத்தொலைபேசியை மூடிவைத்துவிடலாம். லயத்து வீடும் கள்ளுக்கடையும் பிரம்படியும் அங்கே இல்லை. என் கொள்ளுத்தாத்தா பட்டதையும் அவர் பட்டதையும் ஒரே தட்டில் வைத்தால் இருவருக்கும் அநியாயம். ஒன்றாக இருந்தது ஓரிடத்தில் மட்டும்தான். விலை விழும்போது அடி யார்மேல் முதலில் இறங்கும் என்பதில். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கான தமிழர்களைத் தோட்டங்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. பங்குதாரர்கள் காத்திருந்தார்கள். விலை மறுபடி ஏறியது. காத்திருக்க முடிந்தவர்களுக்கு அது வெறும் சரிவு.

சிவப்புக் கட்டங்கள்

2021 டிசம்பர் 17-ஆம் தேதியிலிருந்து என் தாளில் கட்டங்கள் சிவப்பாகின. மூன்று நாள், நான்கு நாள், ஐந்து நாள். கூயாவிடமிருந்து செய்தியும் இல்லை. அந்த வாரம் சிலாங்கூரில் பெருவெள்ளம். ஷா ஆலமில் வீட்டுக்கூரைமேல் ஏறி நின்றவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நண்பர்களோடு பொருள் திரட்டினேன். சிவப்புக் கட்டங்களைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "ஆள மாத்துடா, இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்காங்க" என்றான் நண்பன். மாற்றியிருப்பேன். புது அறிவிப்பை எழுதியும் வைத்திருந்தேன்.

பதினோராம் நாள் செய்தி வந்தது. மன்னிக்கவும் பாஸ், கோட்டாவை எட்ட முடியவில்லை, கூரை போய்விட்டது, மின்சாரம் இல்லை, இப்போது பக்கத்து ஊரில் ஒரு ஜெனரேட்டரில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி எழுதுகிறேன் என்று இருந்தது. டிசம்பர் 16-ஆம் தேதி ஓடெட் புயல் சீபுவைக் கடந்திருந்தது. சீபுவில் பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. தன் நாட்டு வெள்ளத்துக்கு அரிசி மூட்டை தூக்கியவன் எவனோ, அவன்தான் இன்னொரு தீவில் கூரை இழந்தவரை வேலையைவிட்டு நீக்க அறிவிப்பு எழுதிவைத்திருந்தான். அன்றிரவு அந்தச் சூத்திரத்தை அழித்தேன். கட்டங்கள் வெள்ளையாயின. அதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை.

கணக்கு இப்படிப் போனது. நாளுக்கு 150 எஸ்எல்பி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் 30 சென்ட் என்றால் 45 டாலர், ஏறக்குறைய 2,250 பெசோ. அறுபது விழுக்காடு என்றால் 1,350 பெசோ. அப்போது மணிலாவில் ஒரு நாளுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 537 பெசோ. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு எஸ்எல்பி ஒரு சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. அதே 150-க்கு ஒன்றரை டாலர். அறுபது விழுக்காடு என்றால் 46 பெசோ. விலையைக் காப்பாற்ற அந்த மாதம் நிறுவனம் குழாயை இறுக்கியது. தினசரி வேலைகளுக்கும் சாகசப் பகுதிக்கும் இனி எஸ்எல்பி கிடையாது, அரங்கத்தில் ஜெயித்தால் மட்டுமே என்றார்கள். தொட்டிக்கு அது சரியான மருந்து. குழாயடியில் குடத்தோடு நின்றவர்களைப் பற்றி அந்த மருந்துச் சீட்டில் எதுவும் இல்லை.

ஒன்பது சாவிகள்

இன்னொரு அடி மார்ச்சில் வந்தது. எத்தீரியத்தில் கட்டணம் அதிகம் என்பதால், ஸ்கை மேவிஸ் 2021-இல் ரோனின் என்ற தனிப் பதிவேட்டை உருவாக்கி ஆக்ஸிகளை அதற்கு மாற்றியிருந்தது. வேகம், மலிவு. ஆனால் உலகெங்கும் உள்ள கணினிகள் சரிபார்க்கும் பதிவேடு இல்லை இது. ஒன்பது சரிபார்ப்பவர்கள்தான். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் பணம் வெளியே போகும். அந்த ஒன்பதில் நான்கு சாவிகள் ஸ்கை மேவிஸிடமே இருந்தன. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், ஆக்ஸி டிஏஓ என்ற அமைப்பு தன் சார்பிலும் கையெழுத்துப் போட நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்தது. அனுமதியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.

2022 மார்ச் 23-ஆம் தேதி அந்த ஐந்து சாவிகளும் ஒரே கைக்குப் போயின. 173,600 ஈதரும் 25.5 மில்லியன் டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசி நாணயங்களும் வெளியேறின. மொத்தம் 600 மில்லியன் டாலருக்கும் மேல். ஆறு நாள் கழித்து, ஒருவர் தன் பணத்தை எடுக்க முடியவில்லை என்று புகார் சொன்னபோதுதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. வட கொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் வேலை அது என்று ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய பைனான்ஸ் தலைமையில் 150 மில்லியன் டாலர் திரட்டினார்கள். ஜூன் இறுதியில் பாலம் திறந்தது.

நிறுவனம் பிடுங்க முடியாது என்பதுதானே முதல் வாக்குறுதி. கடைசியில் எல்லாம் ஒரு அலுவலகத்தின் நான்கு சாவிகளிலும் மறந்துபோன ஓர் அனுமதியிலும் நின்றது. ஏப்ரலில் ஆரிஜின் என்ற புதிய பதிப்பு வந்தது. தொடக்க ஆக்ஸிகள் அதில் இலவசம். 'விளையாடிச் சம்பாதி' என்ற முழக்கம் 'விளையாடு, சம்பாதிக்கவும் செய்' என்று மெல்ல மாறியது.

ஒரு பத்தி குறைவு

கூயா மார்ச் நடுவில் நிறுத்தினார். சீபுவில் ஹோட்டல்கள் திறக்கத் தொடங்கியிருந்தன, சமையலறைக்குத் திரும்பப் போகிறேன் என்று எழுதினார். பாலம் திறந்தபிறகு மூன்று ஆக்ஸிகளையும் அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தேன். பெரிய மனசெல்லாம் இல்லை. அப்போது மூன்றையும் விற்றாலும் மாமாக் கடையில் இரண்டு பேர் வயிறார சாப்பிட முடியுமா என்பது சந்தேகம். நன்றி பாஸ், மகன் விளையாடுவான் என்று பதில் வந்தது.

அந்தக் கூகுள் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காகத் திறந்து கூட்டிப் பார்த்தேன். போட்ட பணத்தில் எனக்குப் பாதிகூடத் திரும்பவில்லை. நட்டம் எவ்வளவு என்று சென்ட் சுத்தமாகச் சொல்ல முடியும். தேதி, எஸ்எல்பி, விலை, என் பங்கு, அவர் பங்கு என்று ஐந்து பத்திகள். எல்லாம் சரியாக இருக்கிறது.

மணி நேரத்துக்கு ஒரு பத்தி இல்லை. அவர் ஏழு மாதம் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் அந்தச் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்கும் பதிவாகவில்லை. என் தாளிலும் இல்லை, யாராலும் அழிக்க முடியாத அந்தப் பதிவேட்டிலும் இல்லை. பாட்டியின் காலத்துச் செக்ரோலில் ஆள் வேலைக்கு வந்த நாளாவது இருந்தது.